மெயிலில் தீர்மானம் போடுவது எப்படி? புதிதாகச் செயற்குழுவுக்கு வந்தவர்களுக்கு

மதுரையில் ஒரு சின்னச் சங்கத்தின் செயற்குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர். தலைவர் திருநகரில் இருக்கிறார், செயலாளர் மேலூரில், பொருளாளர் கே.கே. நகரில். இரண்டு பேர் வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டில். இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தை விட்டு நகர முடியாதவர். இவர்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே அறையில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சித்திரைத் திருவிழாச் சமயம் என்றால் முயற்சி செய்யவே வேண்டாம். அப்போதுதான் யாராவது ஒருவர், “மெயில்ல போட்டு எல்லார்கிட்டயும் ஓகே வாங்கிடுங்க சார்” என்பார்.

வாங்கலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து ஆடிட்டரோ, வங்கி மேலாளரோ, கோபித்துக்கொண்டு விலகிய பழைய உறுப்பினரோ “இதை எப்போது, எந்த அதிகாரத்தில் முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டால் எடுத்துக் காட்ட முறையான தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் வரைக்கும் போய்ச்சேரும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயிலில் சம்மதம் வாங்கலாம்; விவாதம் நடத்த முடியாது. கூட்டத்தில் ஒருவர் சந்தேகம் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், அதைக் கேட்டு மூன்றாமவர் மனம் மாறுவார். மெயிலை ஒன்பது பேரும் ஒன்பது நேரத்தில் தனித்தனியாகப் படிக்கிறார்கள், அதிலும் சிலர் பஸ்ஸில் நின்றபடி. அதனால் பேசித் தீர்ந்த விஷயத்துக்கு மெயில் போதும். பேச வேண்டியது பாக்கி இருந்தால் கூட்டம் போடுங்கள். கீழே வரும் விதிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

உங்கள் அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விதி எழுத உட்காராதீர்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் இதில் வருகிறது. செயற்குழு எப்படிக் கூட வேண்டும், கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள், எவ்வளவு என்ற நடைமுறைகளுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்த உங்கள் துணைவிதிகளை (பைலா). பல சங்கங்களில் அந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரிவதில்லை. முதல் வேலையாக அதைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

அறக்கட்டளை என்றால் டிரஸ்ட் பத்திரம்தான் எல்லாம். இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882-இன் 48-ஆம் பிரிவு, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை அறங்காவலர்கள் அத்தனை பேரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. ஆனாலும் பொது அறக்கட்டளை நடத்துபவர்கள், பெரும்பான்மை போதுமா, எல்லோரும் வேண்டுமா என்று பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

கம்பெனி என்றால், லாப நோக்கற்ற 8-ஆம் பிரிவுக் கம்பெனியாக இருந்தாலும் சரி, வழி தெளிவாகவே இருக்கிறது. கம்பெனிகள் சட்டம், 2013-இன் 175-ஆம் பிரிவு கூட்டம் இல்லாமல் சுற்றுக்கு விட்டு, அதாவது வரைவை எல்லோருக்கும் அனுப்பிச் சம்மதம் வாங்கி, தீர்மானம் நிறைவேற்ற அனுமதிக்கிறது. 2014-இல் வந்த விதிகள் அதை மெயிலிலும் அனுப்பலாம் என்கின்றன. வரைவுத் தீர்மானமும் அதற்கு வேண்டிய தாள்களும் எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும், வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களில் பெரும்பான்மையோர் ஒப்ப வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதைக் குறித்து நடவடிக்கைக் குறிப்பில் (மினிட்) சேர்க்க வேண்டும். நீங்கள் கம்பெனியாக இல்லாவிட்டாலும் இந்தப் பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சங்கத்துக்கு விதி எழுத இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

இந்தப் பக்கம் பெருகிவரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அதே சட்டத்தில் 21ஏ என்று தனி அத்தியாயம் உண்டு. அவற்றின் இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது, வருடத்துக்கு நான்கு தடவையாவது கூட வேண்டும். மெயிலில் எத்தனை தீர்மானம் போட்டாலும் அது கூட்டக் கணக்கில் சேராது.

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரிகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அவற்றில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. டெலவர், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டப்படி, கூட்டம் இல்லாமல் எடுக்கும் முடிவுக்கு இயக்குநர்கள் அத்தனை பேரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அந்த வரி உங்கள் விதிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டால், சிங்கப்பூரில் இருப்பவர் மெயில் பார்க்கவில்லை என்பதற்காக இங்கே ஒரு பேட்டரிகூட வாங்க முடியாது.

துணைவிதியில் ஒரு பத்தி, மற்றது தீர்மானத்தில்

சங்கமாக இருந்து, துணைவிதிகளில் மெயில் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் திருத்தம் கொண்டுவருவதே முறை. அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பிறகு திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இதில் ஆர்வக் கோளாறாக எல்லா விதியையும் துணைவிதிக்குள் திணித்துவிட்டால், நாளைக்குப் பதில் கெடுவை ஐந்து நாளிலிருந்து ஏழு நாளாக மாற்றக்கூடப் பொதுக்குழுவைக் கூட்டிப் பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். துணைவிதியில் இவ்வளவு இருந்தால் போதும்:

“ஏற்கனவே கூட்டத்தில் விவாதிக்கப்பட்ட, அல்லது அடுத்த கூட்டம் வரை காத்திருக்க இயலாத விஷயங்களில் செயற்குழு மின்னஞ்சல் வழியாகத் தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்குச் செயற்குழுவின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இதற்கான நடைமுறையைச் செயற்குழு தன் கூட்டத்தில் வகுத்துக்கொள்ளும். இவ்வாறு நிறைவேறிய தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட்டு நடவடிக்கைக் குறிப்பில் பதியப்படும்.”

எத்தனை நாள், எந்த முகவரி, யார் எண்ணுவது என்பவற்றை எல்லாம் செயற்குழு ஒரு சாதாரணத் தீர்மானமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை.

திருத்தம் பதிவாகும் வரை என்ன செய்வது? மெயிலில் வாங்கும் ‘ஓகே’யை வெறும் கருத்துக் கேட்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைவருக்கோ செயலாளருக்கோ துணைவிதிப்படி உள்ள செலவு வரம்புக்குள் காரியத்தை முடித்து, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு, அதாவது செய்து முடித்ததற்கு ஒப்புதல், வாங்குங்கள். வரம்புக்கு மேல் போகும் செலவென்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

மெயிலுக்கே வரக் கூடாதவை

விதியில் இந்தப் பட்டியலைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். நிர்வாகிகள் தேர்தல், உறுப்பினர் நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை வேண்டாம். மெயிலில் ரகசிய வாக்கு கிடையாது, யார் யாருக்கு எதிராக எழுதினார் என்பது நிரந்தரமாக நின்றுவிடும். தவிர, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள் வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல், நிலம் வாங்குவது விற்பது, கடன் வாங்குவது, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவரை மாற்றுவது, இவற்றையும் கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்காரர்கள் எப்படியும் கூட்டத் தேதி போட்ட தீர்மான நகலைத்தான் கேட்பார்கள்.

கம்பெனிக்கு இந்தப் பட்டியலைச் சட்டமே தந்திருக்கிறது. 179-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் உள்ளவற்றை, அதாவது பங்குப் பத்திரங்கள் வெளியிடுவது, கடன் வாங்குவது, முதலீடு செய்வது, கடன் கொடுப்பது, நிதிநிலை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது போன்றவற்றை இயக்குநர் குழுக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். 8-ஆம் பிரிவுக் கம்பெனிகளுக்கு 2015 ஜூன் 5 அறிவிக்கை ஒரு சலுகை கொடுத்தது. கடன் வாங்குவது, முதலீடு, கடன் கொடுப்பது ஆகிய மூன்றை மட்டும் அவர்கள் சுற்றுக்கு விட்டும் முடிவு செய்யலாம். 2017-க்குப் பிறகு அதுவும் கணக்கையும் ஆண்டு விவரத்தையும் பாக்கியில்லாமல் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டும்தான்.

பேச வேண்டிய விஷயம், ஆனால் நேரில் கூட முடியவில்லை என்றால் அரை மணி நேர வீடியோ கூட்டம் போடுங்கள். கம்பெனி இயக்குநர்களுக்குச் சட்டமே அதை அனுமதிக்கிறது. சங்கம் என்றால் துணைவிதித் திருத்தத்தோடு அதற்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஒரே அலைச்சலில் முடியும்.

யாருடைய மெயில், எந்த மெயில்

நம் ஊர்ச் செயற்குழுக்களில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் பத்து வருடத்துக்கு முன் கொடுத்த முகவரியை இப்போது திறப்பதே இல்லை. ஒருவருடைய மெயில் மகனுடைய போனில் இருக்கிறது. கணவனும் மனைவியும் குழுவில் இருக்கிறார்கள், இருவருக்கும் சேர்த்து ஒரே முகவரி. “ஆதரவு” என்று பதில் வந்தால் அது யாருடைய ஆதரவு?

ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்: “செயற்குழுத் தீர்மானங்கள் தொடர்பாக எனது மின்னஞ்சல் முகவரி இது. இதிலிருந்து வரும் பதிலை எனது வாக்காக எடுத்துக்கொள்ளலாம். மாற்றினால் எழுத்தில் தெரிவிப்பேன்.” ஆளுக்கு ஒரு முகவரி, பகிர்ந்த முகவரி ஆகாது. வேறு முகவரியிலிருந்து பதில் வந்தால் செயலாளர் போன் செய்து, பதிந்த முகவரியிலிருந்து மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் செயற்குழு உறுப்பினர் தன் வாக்கை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது, அந்த இன்னொருவர் மகனாகவே இருந்தாலும்.

மெயிலே இல்லாதவர் இருந்தால்? அவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் வாங்கினால் தீர்மானத்தின் அஸ்திவாரமே ஆட்டம் காணும். எல்லோருக்கும் போயிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. 175-ஆம் பிரிவே நேரில் கொடுப்பது, தபால், கூரியர் என்று எல்லா வழியையும் ஏற்கிறது. அதே தீர்மானத்தை அச்செடுத்து, இணைப்புகளோடு, யார் மூலமாவது உசிலம்பட்டித் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். அவர் ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ தன் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தைக் கோப்பில் வையுங்கள்.

சங்கத்தின் பக்கமும் ஒரு முகவரி வேண்டும். செயலாளரின் சொந்த முகவரி கூடாது. சங்கத்தின் பெயரில் ஒன்றைத் திறந்து, தீர்மானங்கள் அதிலிருந்து மட்டுமே போகும், பதில்கள் அதற்கு மட்டுமே வந்தால் செல்லும் என்று எழுதிவிடுங்கள். இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. தலைவர் பெயரில் போலி மெயில் அனுப்பி “அவசரமாக இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்” என்று பொருளாளரை ஏமாற்றும் மோசடி எங்கும் நடக்கிறது. சங்க முகவரியிலிருந்து வராத எதையும் பொருளாளர் தீர்மானமாக மதிக்க வேண்டியதில்லை. வந்தாலும், புதிய கணக்கு எண் என்றால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பணம்.

மெயிலை எழுதும் விதம்

ஒரு மெயிலில் ஒரு தீர்மானம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் “முதலாவதற்கு ஓகே, ரெண்டாவது பார்த்துக்கலாம்” என்று பதில் வரும், அதை எண்ணுகிறவர் பாடு திண்டாட்டம். உதாரணத்துக்கு ஒன்று:

பொருள்: மின்னஞ்சல் தீர்மானம் 3/2025-26: மாலை வகுப்புக்கு இன்வெர்ட்டர் பேட்டரி. 12.02.2026 இரவு 8 மணிக்குள் பதில் தேவை

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பின்னணி: மேலூர் மாலை வகுப்பில் உள்ள பேட்டரி பழுதாகிவிட்டது. பொதுத்தேர்வுக்கு முன் மாற்ற வேண்டும். 25.01.2026 கூட்டத்தில் இது பற்றிப் பேசி, மூன்று கடைகளில் விலை கேட்க முடிவு செய்தோம். மூன்று கொட்டேஷன்களும் இணைப்பில் உள்ளன.

தீர்மானம்: “மேலூர் மாலை வகுப்புக்கு, இணைப்பு 2-இல் உள்ள கொட்டேஷன்படி, ஜி.எஸ்.டி. உட்பட ரூ. 38,500-க்கு மிகாமல் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கவும், அத்தொகையைப் பொதுக் கணக்கிலிருந்து காசோலையாக வழங்கவும் பொருளாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.”

பதில்: ‘ரிப்ளை ஆல்’ கொடுத்து, முதல் வரியில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, கூட்டத்தில் பேச வேண்டும் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் எழுதி, கீழே பெயர் இடவும்.

கடைசி நேரம்: 12.02.2026 வியாழன், இந்திய நேரம் இரவு 8 மணி. பதில் வராததை ஆதரவாகக் கொள்ள மாட்டோம். இந்தக் கடைகளில் தங்களுக்கோ குடும்பத்தினருக்கோ பங்கு இருந்தால் பதிலில் தெரிவிக்கவும்.

இதில் சில சொற்களைக் கவனியுங்கள். “மிகாமல்” என்று போட்டதால் கடைக்காரர் ஐந்நூறு குறைத்தாலும் தீர்மானம் செல்லும். “இந்திய நேரம்” என்று போட்டதால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் சிங்கப்பூரில் இருப்பவருக்குக் குழப்பமில்லை. யாருக்கு அதிகாரம் என்பதைப் பொறுப்பின் பெயரால் சொல்லியிருக்கிறது. “பேட்டரி மாற்றுவது பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்பது பேரும் தாராளமாகக் கருத்துச் சொல்லியிருப்பார்கள், முடிவு மட்டும் வந்திருக்காது.

எத்தனை நாள்?

கம்பெனி செயலர்கள் கழகம் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு வகுத்த எஸ்.எஸ்.-1 தரநிலை, பதிலுக்கு ஏழு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. சங்கங்களுக்கும் ஐந்திலிருந்து ஏழு நாள் சரியாக இருக்கும். அதற்கு மேல் கொடுத்தால் எல்லோரும் அப்புறம் பார்க்கலாம் என்று மறந்துவிடுவார்கள். பொங்கல் வாரத்தில் கெடு வைக்காதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஊரே வாடிவாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கொட்டேஷனை யார் திறக்கப் போகிறார்கள்? கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு நினைவூட்டல் மெயில், பதில் தராதவர்களுக்கு ஒரு போன். அவ்வளவு போதும்.

அவசரம் என்றால் 48 மணி நேரம் வரை குறைக்கலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அவசரம்தான் என்று தலைவரும் செயலாளரும் சேர்ந்து எழுத வேண்டும், காரணத்தை மெயிலிலேயே சொல்ல வேண்டும், ஒவ்வொருவரையும் போனில் அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மழைக்கு முன் கண்மாய் மடையைச் சரிசெய்வது அவசரம். ஆண்டு விழா ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுப்பது அவசரமல்ல, யாரோ தள்ளிப்போட்டதால் வந்த பரபரப்பு.

8 மணிக் கெடுவுக்கு 7.58-க்கு அனுப்பினேன் என்பார் ஒருவர், எட்டேகாலுக்குத்தான் வந்தது என்பார் செயலாளர். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட முகவரி ஒன்றைச் சொல்லியிருந்தால் மெயில் அதற்குள் நுழையும் நேரம்தான் பெறப்பட்ட நேரம். உங்கள் விதியிலும் அதையே எழுதிவிடுங்கள்: சங்கத்தின் மெயில் பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரமே கணக்கு.

எண்ணும்போது

மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். பதில் போட்டவர்களில் பாதிக்கு மேல் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்பது பேரில் நான்கு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு, நான்கு பேர் மௌனம். நாலுக்கு ஒன்று என்று ஜெயித்த மாதிரித் தெரியும். ஆனால் ஐந்து வரவில்லை, தீர்மானம் விழுந்துவிட்டது. ஐந்து ஆதரவு, ஒன்று எதிர்ப்பு, மூன்று மௌனம் என்றால் நிறைவேறியது. கூட்டத்தில் வந்தவர்கள் கோரத்தை நிரப்பினாலே போதும், அவர்களில் பெரும்பான்மை பார்க்கலாம். மெயிலில் ‘வந்தவர்கள்’ என்று யாரும் இல்லை, அதனால்தான் மொத்தத்தை வைத்து எண்ணுகிறோம். மௌனமும் நடுநிலையும் நடைமுறையில் எதிர்ப்புக்குச் சமமாகிவிடுகின்றன என்பதைப் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுநிலை என்று எழுதினால் தாங்கள் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

“ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்” என்ற வரியைச் சில குழுக்கள் ஆசையோடு சேர்த்துக்கொள்கின்றன. வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் சம்மதத்தையும் நீங்கள் எண்ணியதாக ஆகிவிடும்.

பேட்டரிக் கடை ஓர் உறுப்பினரின் தம்பியுடையது என்றால் அவரை விலக்கிவிட்டு மீதி எட்டுப் பேரில் எண்ணுங்கள். அப்போதும் ஐந்து வேண்டும். நான்கு நான்கு என்று நின்றால் நிறைவேறவில்லை. சமமாக நிற்கும்போது தலைவர் போடும் கூடுதல் வாக்கைக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மெயிலுக்கு வேண்டாம்.

அடுத்தது பிரேக், அதாவது மெயில் தீர்மானத்தை நிறுத்திக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் வழி. கம்பெனிச் சட்டப்படி மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் “இதைக் கூட்டத்தில் வையுங்கள்” என்று கேட்டால் தலைவர் வைத்தே ஆக வேண்டும். ஒன்பது பேரில் மூன்று. சின்னச் சங்கத்துக்கு இரண்டு பேர் கேட்டாலே போதும் என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒருவர் போதும் என்று வைத்தால், எதையும் நிறுத்துவதையே தொழிலாக வைத்திருப்பவர் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி ஆகும். இந்த வகை ஆள் புதிதல்ல. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூரில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்தது. சபையில் வரும் காரியம் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று குறுக்கே நிற்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை போகிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக முடியாது, இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் வரும் தொல்லைகள்

மூன்று பேர் ஆதரவு கொடுத்த பிறகு நான்காமவர் எழுதுவார்: “38,500-க்குப் பதிலா 42,000 போட்டா பெரிய பேட்டரியே வாங்கலாமே, எனக்கு அது சம்மதம்.” ஐந்தாமவர் “நல்ல யோசனை” என்பார். இப்போது யார் எதற்கு ஆதரவு? பாதி வழியில் தீர்மானத்தின் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டும் என்று தோன்றினால் செயலாளர் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, புது எண் போட்டு, புதுக் கெடுவோடு மறுபடி அனுப்ப வேண்டும். பழைய ஆதரவு எதுவும் புதியதில் சேராது. விதியில் இந்த ஒரு வரி இல்லாமல்தான் பல தீர்மானங்கள் பின்னால் சண்டையில் முடிகின்றன.

“ஆதரவு, ஆனால் வாரண்டி மூன்று வருஷம் இருந்தால் மட்டும்” என்று நிபந்தனையோடு வரும் பதிலை ஆதரவாக எண்ணாதீர்கள். அதை ஒரு கேள்வியாக எடுத்து, எல்லோருக்கும் பதில் சொல்லி, அவரிடம் மறுபடி ஒரே சொல்லில் வாங்குங்கள். வாக்கை மாற்றிக்கொள்ளக் கெடு முடியும் வரை எல்லோருக்கும் உரிமை கொடுங்கள். அதனால் ஐந்து ஆதரவு வந்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம். எல்லோரும் பதில் போட்டுவிட்டால் தவிர, கெடு வரை பொறுத்திருங்கள்.

பதிலைச் செயலாளருக்கு மட்டும் அனுப்புபவர்கள் இருப்பார்கள். அதைச் செயலாளர் எல்லோருக்கும் முன்னனுப்ப வேண்டும். ஒருவர் சொல்லும் ஆட்சேபம் மற்றவர்கள் கண்ணில் படுவதுதான் மெயிலில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச விவாதம். மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் போகும் பிசிசியில் வெளியாளைச் சேர்ப்பது அறவே கூடாது.

வாட்ஸ்அப் குழு? “மெயில் அனுப்பியாச்சு, பாருங்க” என்று சொல்வதற்கு அருமையான இடம். வாக்குக்கு ஆகாது. கட்டை விரல் படம் தீர்மானத்துக்கா, அதற்கு மேலே யாரோ போட்ட பிறந்தநாள் வாழ்த்துக்கா என்று ஆடிட்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. செய்தியை அழிக்கவும் முடியும், தானாக மறையும்படி வைக்கவும் முடியும்.

முடிவை அறிவித்துப் பதிந்து வைப்பது

கெடு முடிந்த மறுநாளே அதே மெயில் தொடரில் செயலாளர் முடிவை எழுத வேண்டும்: ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை, நடுநிலை இத்தனை, பதில் தராதவர் யார் யார், நிறைவேறியதா இல்லையா, எந்தத் தேதியில். நிறைவேறிய தேதி என்பது கெடு முடிந்த தேதி, அல்லது அதற்கு முன்பே எல்லோரும் பதில் தந்துவிட்டால் கடைசிப் பதில் வந்த தேதி. பில்லின் தேதி அதற்கு முன்னால் இருந்தால் ஆடிட்டர் விட மாட்டார்.

அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் “மின்னஞ்சல் தீர்மானங்களைக் குறித்தல்” என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கட்டும். தீர்மானத்தின் முழு வாசகமும், யார் எப்படி வாக்களித்தார் என்பதும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். எதிர்ப்புத் தெரிவித்தவர் காரணம் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள், அது அவருடைய உரிமை. இந்தக் குறிப்பு பதிவுக்காகத்தான். நிறைவேறிய தீர்மானத்தை மறுபடி வாக்குக்கு விட வேண்டியதில்லை.

மெயில் தொடரை அச்செடுத்துத் தீர்மான எண் வாரியாகக் கோப்பில் வையுங்கள். அச்செடுத்துவிட்டோமே என்று மூல மெயிலை அழிக்காதீர்கள். விஷயம் நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் அச்சுப்பிரதிக்கு அதற்குரிய சான்றிதழும் வைக்க வேண்டியிருக்கும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் போனால் அங்கே தடுமாற வேண்டியிருக்கும்.

புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் நாளில் சாவி, செக் புத்தகம், மினிட் புத்தகம் ஆகியவற்றோடு சங்க மெயிலின் பாஸ்வேர்டும் கைமாற வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு பழைய செயலாளரின் போன் எண்ணில் இருந்தால் அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து மாற்றுங்கள், அவர் வெளியூர் கிளம்புவதற்குள். பாஸ்வேர்டு எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும், செயலாளரிடமும் தலைவரிடமும். விலகியவர்களின் முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கி, புதியவர்களிடம் அந்த ஒற்றைத் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகு முதல் தீர்மானத்தை அனுப்புங்கள்.